கலாபகோஸ் போகிறீர்களா? மேற்குத் தீவுகளை விட்டுவிடாதீர்கள்

வரும் மே விடுமுறையில் மனைவி, 11 வயது மகளோடு கலாபகோஸ் தீவுகளுக்குப் போக நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கப்பலில் சுற்றுவதா, ஊரில் அறை எடுத்துத் தங்குவதா? எந்தத் தீவுகளைப் பார்ப்பது? சுமாராக நீந்தத் தெரிந்தவர்கள் ஸ்நார்கெலிங் (முகக் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போட்டு, மேலே மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது) செய்யலாமா, சுறா பயம் உண்டா? இவைதான் உங்கள் கேள்விகள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் பணம் இருந்தால், மேற்குப் பக்கம் போகும் 8 நாள் சிறு படகு ஒன்றைப் பிடியுங்கள். அவ்வளவு செலவழிக்க முடியாது என்றால் இசபெலாவில் நான்கு இரவும் சான் கிறிஸ்டோபலில் மூன்று இரவும் தங்குங்கள். பெரும்பாலானோர் செய்வதுபோல சாண்டா குரூஸ் தீவிலேயே ஒரு வாரத்தைக் கழிக்காதீர்கள். அது வசதியான ஊர்தான், ஆனால் நீங்கள் பார்க்க ஆசைப்படுகிற உயிர்களில் பாதி அங்கே இல்லை.

எந்த உயிர் எந்தத் தீவில் இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: எரிமலை, கடல் நீரோட்டம். இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் பயணத்தை நீங்களே திட்டமிடலாம்.

தென் அமெரிக்காவின் ஈக்வடார் கரையிலிருந்து ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் மேற்கே, பசிபிக் கடலின் நடுவில் இருக்கின்றன இந்தத் தீவுகள். எந்தக் காலத்திலும் இவை கண்டத்தோடு ஒட்டியிருந்ததில்லை. பூமிக்கடியில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கும் வெப்ப ஊற்று ஒன்று உண்டு. அதற்கு மேலே இருக்கும் நாஸ்கா தட்டு (பூமியின் மேலோட்டுத் துண்டுகளில் ஒன்று) கிழக்கு நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஊற்றின்மேல் இருக்கும்போது பிறக்கும் தீவு, தட்டோடு சேர்ந்து கிழக்கே போகப்போக ஆறி, அரித்து, தாழ்ந்துபோகிறது. அதனால் கிழக்கே உள்ள எஸ்பனோலா, சான் கிறிஸ்டோபல் ஆகியவை பழைய தீவுகள். மேற்கே இருக்கும் ஃபெர்னாண்டினாவும் இசபெலாவும் புவியியல் கணக்கில் பச்சைக் குழந்தைகள், இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. 2018இல் இசபெலாவின் சியரா நெக்ரா வெடித்தது. 2022 ஜனவரியில் அதே தீவின் வட முனையில் உள்ள உல்ஃப் எரிமலை, 2024 மார்ச்சில் ஃபெர்னாண்டினா. இசபெலாவே ஆறு எரிமலைகள் ஒட்டி உருவான தீவு. அதன் மேற்குக் கரையில் உர்வினா விரிகுடா என்று ஓர் இடம் இருக்கிறது. 1954இல் அங்கே கடலடித் தரை ஏறக்குறைய 5 மீட்டர் உயர்ந்து வெளியே வந்துவிட்டது. கடலுக்குள் இருந்த பவளப்பாறைகள் இன்றும் அங்கே காய்ந்த தரையில் கிடக்கின்றன, அவற்றின் நடுவே நடந்து போகலாம்.

இனி நீரோட்டம். தெற்கே பெரு கரையை ஒட்டி வரும் ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்தது. வடகிழக்கிலிருந்து வரும் பனாமா நீரோட்டம் வெதுவெதுப்பானது. இரண்டில் எதன் கை ஓங்கியிருக்கிறது என்பதுதான் அங்கே பருவம். மூன்றாவதாக ஒன்று உண்டு, பயணக் கையேடுகள் அதை ஒரு வரியில் கடந்துவிடும்: குரோம்வெல் நீரோட்டம். மேற்பரப்புக்குக் கீழே, நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்கே ஓடிவருகிறது. வழியில் ஃபெர்னாண்டினா, இசபெலா ஆகிய தீவுகளின் அடிவாரத்தில் முட்டுகிறது. போக வழியின்றி ஆழத்துக் குளிர்நீர் மேலே எழுகிறது, சத்துகளையும் அள்ளிக்கொண்டு வருகிறது. அந்தச் சத்தில் கடற்பாசி தழைக்கிறது, சின்ன மீன் பெருகுகிறது, அதை நம்பி மற்ற எல்லாம் வாழ்கின்றன. நிலநடுக்கோட்டில் பென்குயின் இருப்பது எப்படி என்று உங்கள் மகள் கேட்பாள். இந்தக் குளிர்நீர்தான் பதில். கலாபகோஸ் பென்குயின்களில் மிகப் பெரும்பாலானவை இந்த மேற்குக் கரைகளில்தான் வாழ்கின்றன. பறக்காத நீர்க்காகம் உலகிலேயே இங்கே, இந்த இரண்டு தீவுகளின் கரையில் மட்டும்தான் உண்டு.

அந்த நீர்க்காகத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நம் ஊர் ஏரிக்கரையில் இறக்கையை விரித்து வெயில் காயும் நீர்க்காகத்தின் உறவுதான், ஆனால் உருவம் பெரிது. கரையேறியதும் அதுவும் பழக்கம் விடாமல் இறக்கையை விரிக்கும். விரிப்பதற்கு அங்கே இருப்பது நைந்துபோன குட்டை இறக்கைதான். தரையில் துரத்த எதிரி இல்லை, இரை முழுதும் காலடியில் கடலில் இருக்கிறது, பறந்து போகத் தேவையும் இல்லை. தலைமுறை தலைமுறையாக இறக்கை சுருங்கி, கால்கள் வலுத்துவிட்டன. ஒரு பறவை மீன்பிடித்துத் திரும்பும்போது வாயில் ஒரு கொத்துக் கடற்பாசியைக் கொண்டுவந்து கூட்டில் இருக்கும் துணையிடம் நீட்டும். துணை அதை வாங்கிக் கூட்டில் செருகிக்கொள்ளும். கூட்டில் பெரும்பகுதி அப்படி வந்த பாசிதான்.

அடுத்தது கடல் இகுவானா. கடலில் இரை தேடும் பல்லியினம் உலகில் இது ஒன்றுதான். ஃபெர்னாண்டினாவின் புண்டா எஸ்பினோசா முனையில் கறுத்த எரிமலைப் பாறைமேல் நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். பாறை எது, விலங்கு எது என்று தெரியாமல் காலை வைத்துவிடாதீர்கள். அவ்வப்போது தும்முவதுபோல மூக்கிலிருந்து பீச்சும். உடம்பில் சேர்ந்த உப்பை அப்படித்தான் வெளியேற்றுகிறது. காய்ந்த உப்பு தலையில் வெள்ளையாகப் படிந்திருக்கும். கரையில் மந்தமாகத் தெரியும் இதே விலங்கை நீருக்குள் பார்ப்பதுதான் நீங்கள் ஸ்நார்கெல் போடுவதற்கான முதல் காரணம். கால்களை உடம்போடு ஒட்டிவைத்து, வாலை மட்டும் வளைத்து வளைத்து நீந்திப் போகும். அடியில் பாறையை நகங்களால் பற்றிக்கொண்டு, மழுங்கிய மூக்கைப் பக்கவாட்டில் திருப்பிப் பாசியைக் கறுக் கறுக்கென்று கடிக்கும். அலை அதை முன்னும் பின்னும் ஆட்டினாலும் பிடி விடாது. நீங்கள் மேலே அசையாமல் மிதந்தால் போதும், உங்களைப் பொருட்படுத்தவே செய்யாது. குளிர்நீரில் உடல் வெப்பம் இறங்கிவிடுவதால் அதிக நேரம் இருக்காமல் கரையேறி, மறுபடி பாறையில் ஒட்டிப் படுத்துவிடும். ஆழத்துக்கு இறங்கி மேய்வது பெரிய உடம்புக்காரர்கள் மட்டும்தான். சிறியவை நீர் வற்றும் நேரம் பார்த்துக் கரையோரப் பாசியை மேயும்.

எல் நினோ ஆண்டுகளில் கடல் சூடாகி இந்தப் பாசி அழியும். அப்போது இகுவானாக்கள் மெலிவதோடு நிற்பதில்லை, உடல் நீளமே குறைகிறது, 20 சதவீதம் வரைகூட. உணவு திரும்பியதும் மறுபடி வளர்கின்றன. 1982-83 எல் நினோவின்போது பென்குயின்களில் முக்கால் பங்கு அழிந்துபோயின. எனவே பணம் கட்டும் முன் அந்த ஆண்டு எல் நினோ எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். வலுவான எல் நினோ ஆண்டில் நீர் இதமாகத்தான் இருக்கும், ஆனால் நீங்கள் பார்ப்பது பட்டினி கிடக்கும் விலங்குகளை. முடிந்தால் பயணத்தை ஓராண்டு தள்ளிப் போடச் சொல்வேன்.

மே மாதம் நல்ல தேர்வு, நம் பள்ளி விடுமுறைக்கும் பொருந்துகிறது. மழைப் பருவம் முடிந்து குளிர் பருவம் தொடங்கும் இடைவெளி அது. கடல் பொதுவாக அமைதியாக இருக்கும், மலைப்பகுதி பச்சையாக இருக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை வானம் மூடிக்கொண்டு தூறலும், கடலில் அலையும் குளிரும் கூடும். அந்த மாதங்களில் உயிரினங்கள் குறைவதில்லை, சொல்லப்போனால் கடலுக்குள் வாழ்வு இன்னும் செழிப்பு. ஆனால் முதன்முதலாக ஸ்நார்கெல் பழகும் குழந்தைக்கு மே எளிது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நடுத்தீவுகளில் நீர் 24 டிகிரி இருக்கிற நாளிலேயே மேற்கே 20க்குக் கீழே இறங்கலாம். மகளுக்கு 5 மில்லிமீட்டர் வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் நீச்சல் உடை) கேளுங்கள், சிறுவர் அளவு இருக்கிறதா என்று முன்பதிவின்போதே எழுத்தில் உறுதி வாங்குங்கள். குளிர் எடுத்துவிட்டால் பத்தே நிமிடத்தில் “படகுக்குப் போகலாம்” என்பாள், அந்த நாள் முடிந்துவிடும்.

படகு விஷயத்துக்கு வருகிறேன். தேசியப் பூங்கா நிர்வாகம் ஒவ்வொரு படகுக்கும் 15 நாள் வழித்தடத்தை வகுத்துக் கொடுத்திருக்கிறது. ஒரே படகு ஒரே இடத்துக்கு 14 நாளுக்குள் திரும்பி வரக்கூடாது. எனவே ஒரே படகு ஒரு வாரம் மேற்கே போகும், மறு வாரம் கிழக்கே போகும். விளம்பரத்தில் படகின் அழகையும் அறையின் அகலத்தையும் காட்டுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அந்தத் தேதிக்கான இடப் பட்டியலை. அதில் புண்டா எஸ்பினோசா, புண்டா விசென்டே ரோகா, டாகஸ் கோவ் ஆகிய பெயர்கள் இருக்கின்றனவா? இருந்தால் அது மேற்கு வழித்தடம். 100 பேர் வரை ஏற்றும் கப்பல்கள் உண்டு, ஆனால் 16 பேர் படகுதான் என் தேர்வு. 16 பேருக்கு ஒரு வழிகாட்டி என்பது பூங்கா விதி, ஆகவே சிறு படகில் கரையிறங்குவதும் நீரில் குதிப்பதும் காத்திருப்பின்றி நடக்கும். விலை ஒருவருக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும், அதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. 4 நாள் படகுப் பயணங்களைத் தவிருங்கள். ஏறுகிற நாளும் இறங்குகிற நாளும் கழிந்தால் மிச்சம் என்ன இருக்கிறது?

மேற்கு வழியில் ஓர் இடத்துக்காக மட்டும் போகலாம் என்றால், அது புண்டா விசென்டே ரோகா. எரிமலை ஒன்றின் பக்கம் இடிந்து உருவான செங்குத்துப் பாறைச் சுவர் நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. அதை ஒட்டியே மெதுவாக மிதந்து போனால் பச்சைக் கடலாமைகள் சுவரிலுள்ள பாசியை மேய்ந்துகொண்டிருக்கும், கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போகும். தொடக்கூடாது. பென்குயின் வந்தால் கண்ணுக்கு முதலில் தெரிவது வெள்ளிக் குமிழிகளின் கோடுதான். தலையைத் திருப்புவதற்குள் போயிருக்கும்.

இனி ஊரில் தங்கிப் பார்க்கும் வழி. இதில் ஃபெர்னாண்டினாவும் புண்டா விசென்டே ரோகாவும் பறக்காத நீர்க்காகமும் பெரும்பாலும் கிடைக்காது, பெரிய இழப்பு அதுதான். இசபெலாவின் புவெர்டோ வில்லமில் மணல் தெருக்கள் கொண்ட சிற்றூர். ஊரிலிருந்து நடந்து போகும் தூரத்தில் காஞ்சா டி பெர்லா என்ற அமைதியான குட்டை இருக்கிறது. கட்டணமில்லை, வழிகாட்டியும் தேவையில்லை. மகள் முதலில் இறங்க வேண்டிய இடம் அதுதான். மரப்பாலத்தில் கடல் சிங்கம் படுத்துத் தூங்கும், எழுப்பாமல் ஓரமாகப் போக வேண்டும். அடுத்த நாள் லோஸ் டூனெலெஸ் போங்கள். கடலுக்குள் ஓடிய எரிமலைக் குழம்பு ஆறி, கூரை இடிந்து, வளைவுகளும் கால்வாய்களுமாக நிற்கிறது. அலை நுழையாத தெளிந்த நீர். பாறை இடுக்குகளில் வெண்நுனிச் சுறாக்கள் வரிசையாகப் படுத்துறங்கும், அலையாத்தி வேரடியில் கடல்குதிரை வாலைச் சுற்றிக்கொண்டு நிற்கும். எரிமலை பார்க்க சியரா நெக்ராவுக்கு நடை உண்டு. எரிமலை வாயின் அகலம் சுமார் 10 கிலோமீட்டர், போய்வர முழுதாக 16 கிலோமீட்டர் நடக்க வேண்டும். 11 வயதுக்கு முடியும் என்றால் போங்கள்.

சான் கிறிஸ்டோபலிலிருந்து எஸ்பனோலாவுக்கு ஒருநாள் படகு உண்டு. மே மாதம் அங்கே அலை அல்பட்ராஸ்கள் வந்துவிட்டிருக்கும். இந்தப் பறவை இனம் ஏறக்குறைய முழுவதுமே அந்த ஒரு தீவில்தான் முட்டையிடுகிறது. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை இருக்கும், பிறகு கடலுக்குப் போய்விடும். அதே ஊரிலிருந்து கிக்கர் ராக் என்ற பாறைக்கும் கூட்டிப்போவார்கள். கடலிலிருந்து செங்குத்தாக எழும் இரண்டு பாறைகள், நடுவே குறுகிய வழி, கீழே ஆழம் தெரியாது. அங்கே கலாபகோஸ் சுறாக்களும், நேரம் வாய்த்தால் சுத்தியல்போல் தலை கொண்ட கொம்பன் சுறாக்களும் காலுக்குக் கீழே போகும். அலை தூக்கிப்போடும் இடம் அது. நீங்கள் லைஃப் ஜாக்கெட்டோடு இறங்கலாம், மகளைப் பற்றி அன்றைய கடலைப் பார்த்து வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள். ஃப்ளோரியானாவின் டெவில்ஸ் கிரவுன் என்ற மூழ்கிய எரிமலை வாயில் நீரோட்டம் பலமாக இழுக்கும். அதை இந்த முறை விட்டுவிடுங்கள்.

சுறாவுக்காக நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. இங்கே அவற்றுக்கு மீன் வேண்டிய அளவு கிடைக்கிறது, மனிதர்களைத் தாக்குவது மிக அரிது. கவனம் வேண்டியது வேறு இரண்டில். ஒன்று, கரையைக் காவல் காக்கும் பெரிய ஆண் கடல் சிங்கம். குட்டிகள் உங்களைச் சுற்றிச் சுழன்று விளையாடும், முகக் கண்ணாடிவரை வந்து குமிழி விடும். பெரிய ஆண் குரைத்தபடி வந்தால் மட்டும் உடனே விலகி வழிவிடுங்கள். இன்னொன்று, மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை. அதன் முள் குத்தினால் என்ன ஆகும் என்று நம் கடற்கரை ஊர்க்காரர்களைக் கேட்டாலே சொல்வார்கள். ஆழமில்லாத நீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசியபடியே நடங்கள். அசைவு தெரிந்து அது விலகிப் போய்விடும்.

சுமாரான நீச்சல் போதும், ஆனால் ஸ்நார்கெலை முதன்முதலாகப் பசிபிக்கில் வாயில் வைக்காதீர்கள். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே மூவருக்கும் சொந்தமாக மாஸ்க் வாங்கி, உள்ளூர் நீச்சல் குளத்தில் பழகுங்கள். மாஸ்க்கைப் பட்டை போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள், கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அளவு சரி. உங்களுக்கு மீசை இருந்தால் மூக்கின் கீழ் நீர் கசியும், விளிம்பில் கொஞ்சம் வாசலின் தடவினால் குறையும். கண்ணாடி போடுபவர்களுக்குப் பவர் வைத்த மாஸ்க் கிடைக்கிறது. முகம் முழுதும் மூடும் மாஸ்க் வேண்டாம், உள்ளே நீர் புகுந்தால் சட்டென்று கழற்ற முடியாது. பழக வேண்டியது ஒன்றே ஒன்று: குழாயில் நீர் புகும்போது பதறாமல், ஒரே ஊதலில் அந்த நீரை வெளியேற்றுவது. மகளுக்கு அது கைவந்துவிட்டால் மற்றதெல்லாம் மிதப்பதுதான். முழுக்கைச் சட்டை போட்டு இறக்குங்கள், நிலநடுக்கோட்டு வெயில் மேகம் மூடியிருந்தாலும் முதுகைப் பொசுக்கும்.

தீவுக்குத் தீவு போகும் ஸ்பீட் போட்டில் சாண்டா குரூஸிலிருந்து இசபெலாவுக்கு இரண்டு மணி நேரம் ஆகும், நன்றாகத் தூக்கிப்போடும். பின்பக்க இருக்கையைப் பிடியுங்கள், குமட்டலைத் தடுக்கும் அவோமின் மாதிரியான மாத்திரையை மருத்துவரிடம் மகளுக்கான அளவு கேட்டு, ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

ராட்சத ஆமைகளைப் பார்க்க சாண்டா குரூஸில் ஒரு நாள் போதும். மேட்டுநிலப் பண்ணைகளில் அவை தம் போக்கில் புல் மேயும், சேற்றுக் குட்டையில் ஊறிக் கிடக்கும். அதே தீவின் புவெர்டோ அயோரா ஊரில் உள்ள ஆமை இனப்பெருக்க மையத்தையும் மகளுக்குக் காட்டுங்கள். எஸ்பனோலா தீவில் ஒரு காலத்தில் மிஞ்சியவை 14 ஆமைகள்தான், பன்னிரண்டு பெண், இரண்டு ஆண். அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குக் காட்சிசாலையிலிருந்து டியேகோ என்ற ஆணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவற்றின் சந்ததியாக ஏறக்குறைய 2,000 குட்டிகளைத் தீவில் விட்ட பிறகு, 2020 ஜூனில் அந்த 15 பெற்றோரையும் சொந்தத் தீவிலேயே கொண்டுபோய் விட்டார்கள். பிண்டா தீவுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அதன் கடைசி ஆமையான லோன்சம் ஜார்ஜ் 2012இல் இறந்ததோடு அந்த வம்சம் முடிந்தது. இந்த இரண்டு கதைகளையும் அந்த மையத்தில் நின்று சொன்னால், பூங்காவின் விதிகள் ஏன் அவ்வளவு கடுமை என்று குழந்தைக்கே விளங்கும்.

விதிகளைத் தயவுசெய்து அப்படியே கடைப்பிடியுங்கள். எந்த விலங்கிடமிருந்தும் 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஃபிளாஷ் கூடாது, பாதையை விட்டு இறங்கக்கூடாது, கல்லோ சிப்பியோ எடுக்கக்கூடாது. ஈக்வடாரிலிருந்து தீவுகளுக்குக் கிளம்பும் விமான நிலையத்திலேயே பெட்டியைச் சோதிப்பார்கள். பழம், விதை, பச்சைக் காய், கறிவேப்பிலை எதையும் எடுத்துப் போகாதீர்கள். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. நம் பக்கத்து இமயமலைச் சரிவுகளில் இயல்பாக வளரும் ஒரு முட்பழச் செடி அங்கே போய்ச் சேர்ந்து, இன்று மேட்டுநிலக் காடுகளையே மூடிக்கொண்டிருக்கிறது. ஆடுகளால் வந்த அழிவைச் சரிசெய்ய, 1997 முதல் 2006 வரை நடந்த திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளை ஒழிக்க வேண்டியிருந்தது. சைவ உணவுக்கு நீங்கள் எதையும் தூக்கிப்போக வேண்டியதில்லை. சோறு, பயறுக் குழம்பு, பொரித்த வாழைக்காய் எல்லா ஊரிலும் கிடைக்கும்.

செலவில் மறக்கக்கூடாதவை: பூங்கா நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்ட் முதல் வெளிநாட்டவருக்கு 200 டாலர், 12 வயதுக்குட்பட்டோருக்கு 100. அதோடு ஆளுக்கு 20 டாலர் பயண அட்டை. ஈக்வடாரில் புழங்குவதே அமெரிக்க டாலர்தான். சிறு நோட்டுகளாகக் கொண்டுபோங்கள், இசபெலாவில் ஏடிஎம்மை நம்பி இறங்காதீர்கள்.

கடைசியாகக் காகித வேலை, இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஈக்வடார் 2019 முதல் விசா கேட்கிறது, இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் அப்படியே. டெல்லியில் உள்ள தூதரகத்தில் இன்றைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே அந்நாட்டு விசா வேண்டும், ஆகவே ஐரோப்பா வழியாக ஈக்வடாரின் கீட்டோ அல்லது குவாயாகில் நகரத்துக்குப் போகும் விமானங்களைப் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் ஈக்வடார் இருப்பதால், திரும்பி வரும்போது தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாவிட்டால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள், குறிப்பிட்ட நாள்களில் மட்டும் என்பதால் முன்கூட்டியே விசாரியுங்கள். படகு கிளம்பும் நாளன்றே ஈக்வடாரில் போய் இறங்கும்படி டிக்கெட் போடாதீர்கள். குவாயாகிலில் ஓர் இரவாவது இடைவெளி வையுங்கள். விமானம் தாமதமானால் படகு உங்களுக்காகக் காத்திருக்காது, கட்டிய பணமும் திரும்பாது.